பிஷப்பிடம் சொன்னது

மால்கம் தன் மாமியார் ஹேரியட்டிடம் இருபது வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் பேசியிருப்பார்கள். கனடாவின் வடக்குக் காடுகளில் இருக்கும் எங்கள் க்ரீ ஜனங்களுக்குள் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, முகம் பார்த்துக்கொள்வதுமில்லை. அதுதான் மரியாதை. இப்போதெல்லாம் பல குடும்பங்களில் இது காற்றில் போய்விட்டது. மாமியாரும் மருமகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பிங்கோ ஆடுகிறார்கள். ஹேரியட்டின் வீட்டில் மட்டும் அது கொஞ்சமும் தளரவில்லை.

நடுவில் லியோனா இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அம்மா அடுப்புப் பக்கம் இருந்து சொல்வாள், புருஷன் கதவுப் பக்கம் இருந்து கேட்பான், நடுவில் நின்று லியோனா அதையே திருப்பிச் சொல்வாள். ஒரே அறையில் மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பது வேறு விஷயம். அவள் சும்மா சொல்கிற ரகமும் இல்லை. கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பாள்.

“அம்மா சொல்றா, நீ சுட்ட ரொட்டி நல்லா இருக்காம். படகுக்கு நங்கூரமா போட்டுக்கலாமாம்.”

அம்மா அப்படிச் சொல்லவேயில்லை என்று மால்கமுக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஹேரியட் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பதும் தெரியும்.

லியோனா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சிறுநீரகம் கெட்டு, தெற்கே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, காட்டு வாத்துகள் கிளம்புகிற சமயத்தில் அவளும் போனாள். பிள்ளைகள் இல்லை. சாவு வீட்டில் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு புண்ணியவான் மால்கமின் தோளைத் தட்டி, “இனிமே என்னப்பா, நீ அவங்ககிட்ட நேராவே பேசலாம். நடுவுலதான் யாரும் இல்லையே” என்று ஆறுதல் சொன்னான். மால்கமுக்கோ அதைக் கேட்டதும் பயம்தான் வந்தது.

காரணம் ரெஜினால்ட். ஹேரியட்டின் மூத்த மகளைக் கட்டியவன். எத்தனையோ வருஷம் ஹேரியட் அவன் இருக்கிற பக்கம் திரும்பியதில்லை. பிறகு அந்த மகள் அவனை விட்டுவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வாரமே கடையில், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஹேரியட் அவன் எதிரில் போய் நின்று முகத்தை நேராகப் பார்த்து, “என்ன தம்பி, சௌக்கியமா?” என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். ரெஜினால்ட் கையிலிருந்த முட்டை அட்டையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவன் இனிமேல் அந்த வீட்டு மாப்பிள்ளை இல்லை என்று கடையில் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்துபோயிற்று.

அந்த ‘சௌக்கியமா’ தன் பக்கமும் வந்துவிடக் கூடாது என்று மால்கம் பயந்து பயந்து நடந்தான். கடையில் தூரத்தில் ஹேரியட்டின் பின்னல் தொப்பி தெரிந்தாலே சோப்பு அடுக்குகளுக்கு நடுவில் நுழைந்துவிடுவான். இரண்டு வருஷத்தில் வீட்டில் வேண்டாத சோப்பு ஏகத்துக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் வேறு வழி தெரியவில்லை. லியோனாவின் புருஷன் என்ற பேரை அந்தப் பேசாமைதான் அவனுக்கு இன்னும் விட்டுவைத்திருந்தது.

இப்படிப்பட்டவன்தான் இந்த ஆகஸ்டில் அதே மாமியாரோடு ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தான். மால்கமின் உத்தியோகம் மண் தோண்டுவது. நகரத்தில் தொல்லியல் படித்துவிட்டு ஊர்க் கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்தவன். காட்டுக்குள் யாராவது சாலை போட வந்தால், அவர்களுக்கு முன்னால் மண்வெட்டியும் சல்லடையுமாக இவன் போய் நிற்பான். இந்த முறை சாலைக்குச் சரளை எடுக்க ஏரிக்கு மேலே நீளமாகக் கிடக்கும் மணல்மேட்டைக் குறித்திருந்தார்கள். அது ஹேரியட்டின் குடும்பம் வேட்டையாடும் நிலம். அவள் பிறப்பதற்கு முன்னால், ஒரு குளிர்காலத்தில், அவளுடைய அக்கா அங்கே பிறந்தாள். சில நாளிலேயே இறந்தும் போனாள். அங்கேயே எங்கோ புதைத்தார்கள். பேர் வைக்கக்கூட நேரமிருக்கவில்லை.

சாலைக்காரர்களின் மேற்பார்வையாளர் லூக் நல்ல மனுஷன்தான். “கல்லறை இதுதான்னு இடத்தைக் காட்டுங்க, மேட்டையே விட்டுட்டுப் போறோம். எங்கயோ இருக்குன்னு மட்டும் சொன்னா என் மேலதிகாரிங்க என்னைத்தான் புதைப்பாங்க” என்றார்.

காட்டுவதற்குத்தான் ஹேரியட் வந்திருந்தாள். அவளோடு மகன் வாலஸ். படகோட்டி அவன், சமையல்காரன் அவன், சல்லடை ஆட்டுகிறவனும் அவன். இப்போது அம்மாவுக்கும் அக்கா புருஷனுக்கும் நடுவில் தூதும் அவன்தான். லியோனா கூட்டிச் சொல்வாள் என்றால் இவன் குறைத்துச் சொல்வான். கூடவே நாய் பிஷப். அது லியோனா வளர்த்த நாய். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் வெள்ளை. யார் எதைச் சொன்னாலும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்கும். அதைப் பார்த்துத்தான் லியோனா அந்தப் பேரை வைத்தாள். ஊர்ப் பாதிரியாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

முதல் நாள் வாலஸ் கதையைச் சொல்லி முடித்த வேகத்தில் ஒரு கோப்பை டீகூட ஆறியிருக்காது.

“அம்மாவோட அக்கா. நடுக் குளிர்காலத்துல பொறந்துச்சு, செத்துப்போச்சு. தாத்தா அங்கயே புதைச்சாரு. அவ்வளவுதான் மச்சான்.”

“அங்கயேன்னா எங்க?”

“முகாம்லதான். வேற எங்க?”

முகாமைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. மேட்டுக்குக் கீழே, கரையை விட்டுத் தள்ளி, மார்பு உயரத்தில் கருகிய அடிமரங்கள் நின்றன. பனிமேல் நின்று வெட்டினால்தான் அவ்வளவு உயரத்தில் கட்டை மிஞ்சும். அங்கே குழி போட்டதும் துருப்பிடித்த தகர அடுப்பின் கதவு வந்தது, புகைக்குழாய்த் துண்டு வந்தது, பன்றிக்கொழுப்பு டப்பா வந்தது. சுற்றிலும் குழி குழியாகப் போட்டார்கள். குழந்தையின் அடையாளம் எதுவும் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. அந்தக் காட்டு மண் புளிப்பு மண், எலும்பைத் தின்றுவிடும். நெருப்பில் வெந்து வெளுத்த எலும்பை மட்டும்தான் விட்டுவைக்கும்.

முகாம் இருந்த இடம் சரளைக்காகப் போட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தது.

“சோலி முடிஞ்சது மச்சான்!” என்றான் வாலஸ். “பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கு. அவங்க அந்தப் பக்கம் அள்ளிட்டுப் போகட்டும். நாம ஊருக்குப் போய்க் குளிக்கலாம். உன்கிட்டதான் சோப்பு நிறைய இருக்காமே.”

ஒப்புக்கு மேட்டின் மேலும் சில குழிகள் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் கரியும் சிவந்த மணலும் வந்தது. எலும்பு இல்லை, டப்பா இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த காட்டுத்தீ மேட்டையே எரித்திருந்தது. எங்கே தொட்டாலும் கரிதான். ஏதோ வேர் புகைந்து மண்ணைச் சுட்டிருக்கிறது என்று மால்கம் குழியை மூடிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் கொடியைக் குத்திவிட்டு இறங்கினான்.

முகாம் கிடைத்த நாளிலிருந்து ஹேரியட் சரியாகச் சாப்பிடவில்லை. வாலஸ் புகையில் வாட்டிய வெள்ளைமீனை வைத்தால் அப்படியே இருந்தது. பகலெல்லாம் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மால்கம் அந்த முதுகை ஓரக்கண்ணால் பார்ப்பான். அத்தை சந்தோஷமாக இருந்தால் அந்த முதுகு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இருபது வருஷம் அவன் பார்த்தது அதைத்தானே.

வெள்ளிக்கிழமை காலை சாட்டிலைட் போனில் லூக் கூப்பிட்டார். மத்தியானம் மெஷின் வருகிறது, மேடு காலிதானே, உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, மால்கம் வாலஸைத் தேடிப் போனான். அவன் வாணலி கழுவிக்கொண்டிருந்தான்.

“அத்தை உன்கிட்ட சொன்னதை அப்படியே ஒரு தடவை சொல்லு. குறைக்காதே.”

வாலஸ் வாணலியின் அடியைத் தேய்த்தான். கழுவிய இடத்தையே மறுபடி தேய்த்தான்.

“பாதியில நிறுத்திட்டா மச்சான். பிரசவ சமாச்சாரம். அவளுக்குச் சொல்ல வரல, எனக்குக் கேக்க வரல. ரெண்டு பேருமா கொஞ்ச நேரம் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் மழை வரும்போல இருக்குன்னு சொன்னா. நான் எழுந்து வந்துட்டேன்.”

“அப்போ ‘முகாம்லதான்’னு சொன்னியே?”

“அது நானா சொன்னது.”

மால்கம் தலையில் அடித்துக்கொண்டான். “இப்போ போய்க் கேளுடா.”

“அம்மாகிட்டயா? அதையா? நீ வேணும்னா ஏரியில குதிக்கச் சொல்லு, குதிக்கிறேன்.” வாலஸ் குரலைத் தாழ்த்தினான். “அக்காகிட்ட எல்லாம் சொல்லியிருப்பா. அக்கா இருந்திருந்தா...”

லியோனா இருந்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்து, கேலியும் முடிந்து, டீயும் குடித்திருப்பார்கள்.

மேட்டின் சரிவில் ஹேரியட் ப்ளூபெர்ரி பறித்துக்கொண்டிருந்தாள். தீ போன இடத்தில் அந்தப் பழம் அள்ள அள்ளக் காய்க்கும். நாய் பக்கத்தில் படுத்திருந்தது. மால்கம் மெல்ல ஏறினான். நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான். கேட்டால் அவள் பதில் சொல்வாள், முகத்தைப் பார்த்துச் சொல்வாள், தம்பி என்றும் சொல்வாள். அதோடு தன் கதையும் ரெஜினால்ட் கதைதான். ஆனால் மத்தியானம் மெஷின் வருகிறது. பேர்கூட இல்லாத ஒரு பிள்ளையைச் சாலைக்குக் கொட்டிவிட்டு, நான் இன்னும் மாப்பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டு அலைவதில் என்ன இருக்கிறது? அழுகை வரும்போல இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

ஹேரியட் சட்டென்று அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பழ வாளியைக் கீழே வைத்தாள்.

“பிஷப், இங்க வா. உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ அதை அந்தத் தோண்டுறவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

நாய் எழுந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்தது. மால்கம் நின்ற இடத்திலேயே நின்றான். தோண்டுறவங்க என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.

“எங்கம்மாவுக்கு வலி எடுத்தப்போ கூடாரத்துல ரெண்டு குடும்பம். ஆம்பளைங்க, பசங்க, நாய்ங்க. நீ கோவிச்சுக்காதே. அங்க வச்சு எப்படிப் பெக்கிறது? பொம்பளைங்க சேர்ந்து மேட்டு மேல, காத்து மறைவுல, ஸ்ப்ரூஸ் மரத்துக் கிளையைப் போட்டு ஒரு சின்னக் குடில் கட்டினாங்க. அங்கதான் பெத்தா. பின்னால வந்த நஞ்சுக்கொடியைத் துணியில சுத்தி மரத்துல கட்டினாங்க. குழந்தை பால் குடிக்கல. அம்மா கீழ இறங்கி வரவேயில்ல. செத்தப்புறமும் அதை மடியில வச்சுக்கிட்டு மேலயே இருந்தாளாம்.”

மால்கமின் காது சுட்டது. மாமியார் வாயால் கேட்கிற விஷயமா இது? அவன் தன் பூட்ஸையே பார்த்தான். பிறகு நாயைப் பார்த்துப் பேசினான். குரல் அவனுக்கே வேறு யாருடையதுபோலக் கேட்டது.

“பிஷப், கேட்டுச் சொல்லு. மேட்டு மேல எந்தப் பக்கம்?”

பிஷப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. தூது போய்ச் சேர்ந்துவிட்டது.

“அது எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. நான் அப்போ பொறக்கல. அம்மா இன்னும் ஒண்ணுதான் சொன்னா. மண்ணு இரும்பு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சாம். அப்பா ஒரே இடத்துல ராத்திரி பகலா நெருப்பு போட்டாரு, மண்ணு இளகணும்ல. அந்த நெருப்புல யாரும் எதையும் வேக வைக்கல. டீக்குத் தண்ணிகூட வைக்கல. ஒண்ணையும் சமைக்காத நெருப்பை நான் அது ஒண்ணுதான்டி பார்த்தேன்னு அம்மா சொல்லுவா.”

மால்கம் நிமிர்ந்தான். எலும்பு இல்லை, டப்பா இல்லை. கரியும் சிவந்த மணலும் மட்டும். கண் மஞ்சள் கொடியைத் தேடியது.

“பிஷப்,” என்றான். “அவங்களை மெதுவா வரச் சொல்லு. மேல கல்லும் முள்ளுமா இருக்கு.”

அவன் முன்னால் நடந்தான். பின்னால் வாளி ஆடுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மூடிய குழியைத் திரும்பத் திறந்தான். இப்போது மண்வெட்டி இல்லை, சின்னக் கொத்துக்கரண்டிதான். பக்கச் சுவரைச் செதுக்கிச் சுத்தம் செய்தபோது, அன்றைக்கு அவசரத்தில் பார்க்காமல் விட்டது கண்ணுக்கு எதிரே நின்றது. மேலே ஒரு கறுப்பு. அது போன தீ. அதற்குக் கீழே விரல் கனத்துக்குப் பழைய பாசி மக்கிக் கிடந்தது, பழுப்பாக, நெருப்பே படாமல். அதற்கும் கீழே இன்னொரு கறுப்பு, அதன் அடியில் கையளவு ஆழத்துக்குச் சுட்டுச் சிவந்த மணல். ஓடிப்போகிற காட்டுத்தீ மண்ணை இவ்வளவு ஆழத்துக்குச் சுடாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து யாரோ விறகு போட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சிவப்பின் ஓரத்தைத்தான் அவன் தொட்டிருந்தான்.

குழியை ஒரு சாண் அகலப்படுத்தினான். சிவப்பு ஓரிடத்தில் வெட்டினாற்போல் நின்றது. அதற்கு அப்பால் மணல் கலங்கியிருந்தது. கரியும் சாம்பல் நிறமும் சிவப்புமாக, தோண்டி எடுத்துத் திரும்பப் போட்டுக் கையால் தட்டிய மண். அந்தக் கலங்கலின் ஓரம் சின்னதாக வளைந்து போயிற்று. மிகவும் சின்னதாக.

மால்கம் கரண்டியைக் கீழே வைத்தான். உள்ளே எதுவும் மிச்சமிருக்காது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அதற்கு மேல் ஒரு துகளைக்கூட எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். ஹேரியட்டின் அப்பா இரண்டு கையாலும் மண்ணைத் தட்டி மூடியதை அவன் ஏன் திறக்க வேண்டும்? இத்தனை வருஷம் எத்தனையோ அடுப்புகளைத் தோண்டியிருக்கிறான். எல்லா அடுப்பிலும் யாராவது எதையாவது தின்றிருந்தார்கள். இதில் மட்டும்தான் இல்லை.

தொப்பியைக் கழற்றினான். படம் எடுத்தான், அளந்தான். பிறகு மணலைக் கையாலேயே தள்ளிக் குழியை மூடினான். இதையெல்லாம் ஹேரியட் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாயைப் பார்த்து, “இதுதான்னு சொல்லு பிஷப்” என்றான்.

அவள் வந்து மண்டியிட்டாள். மூடிய மணலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அக்கா, என்று கூப்பிட்டாள். பச்சைக் குழந்தையை ஒரு கிழவி அக்கா என்று கூப்பிட்டதில் யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. வாளியிலிருந்து ஒரு கை ப்ளூபெர்ரி எடுத்து அங்கே வைத்தாள்.

மால்கம் எட்டப் போய் லூக்கைக் கூப்பிட்டான். கல்லறை இருக்கிறது, மேட்டின் மேலேயே இருக்கிறது, மண் சாட்சி சொல்கிறது என்றான். “சரி, மெஷினைத் திருப்பச் சொல்றேன்,” என்றார் லூக். “அந்தம்மாகிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க.”

“சொல்றதுக்கு ஆள் இருக்கு” என்றான் மால்கம்.

திரும்பி வந்தபோது ஆளைக் காணவில்லை. கருகிய மரங்களுக்கு நடுவில் ஏதோ காட்டுக்கோழி சிறகடித்த சத்தம் கேட்டிருக்கிறது, பிஷப் அதன் பின்னால் ஓடிவிட்டது. மேட்டின் மேல் அவனும் ஹேரியட்டும் மட்டும். அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். நாயிடம் சொன்னது கூச்சத்தினால்தான் என்று மால்கமுக்குத் தோன்றியது. அந்த விஷயத்தை வேறு எப்படிச் சொல்வாள்? இப்போது சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது, கூச்சமும் முடிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். மால்கம் தலையைக் குனிந்துகொண்டான். வரட்டும், அன்பாகத்தான் கேட்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஹேரியட் இரண்டு விரலை வாயில் வைத்து ஏரி முழுக்கக் கேட்கும்படி ஒரு விசில் அடித்தாள்.

“பிஷப்! எங்கடா தொலைஞ்ச? வேலை நேரத்துல ஊர் சுத்தப் போயிடுறான்!”

நாய் வரவில்லை. அவள் மறுபடி விசிலடித்தாள். கூப்பிட்டாள், திட்டினாள், காத்துக்கொண்டு நின்றாள். கோழி கிடைக்காத ஏமாற்றத்தோடு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பிஷப் திரும்பி வரும்வரை அவள் அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றாள். மால்கமின் பக்கம் முகம் திரும்பவேயில்லை. நாய் வந்து உட்கார்ந்ததும் அதன் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

“கேட்டுக்கோ. மாப்பிள்ளை காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. எங்கக்கா கிடைச்சுட்டா, எனக்கும் பசிக்குது. வாலஸ் மீன் வச்சிருக்கான். மாப்பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லு. ரொட்டி மட்டும் அவங்க சுட வேண்டாம்னு சொல்லு, நானே சுடுறேன்.”

நாய் அவனைப் பார்த்துக் காத்திருந்தது.

“வரேன்னு சொல்லு பிஷப்” என்றான். “அத்தை முன்னால போகட்டும், நான் பின்னாலயே வரேன்னு சொல்லு.”

ஹேரியட் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னால் வந்தவனுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் அப்போது இரண்டும்தான் வந்தது.